ஒரே பைக்கில் போனவர்கள்

பதுளை
2023 ஒக்டோபர் 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுபாஜினி எழுதுகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. நீங்களும் அண்ணியும் சுகம்தானே? அம்மாவுக்கு மூச்சு வாங்குவது குறைந்திருக்கிறதா?

உப அதிபருக்குப் பள்ளிக்கூட முகவரியில் யார் கடிதம் போடுகிறார்கள் என்று உங்கள் ஆசிரியர்கள் கேட்டால் தங்கச்சி என்று சொல்லுங்கள். ஃபோனில் பேசினால் நமுனுகுல காற்றில் பாதிப் பேச்சு போய்விடுகிறது. மீதியை அம்மா ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு இல்லாததையெல்லாம் யோசிக்கிறார். அதனால் இனி எழுதுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

வேலை எனக்குப் பிடித்திருக்கிறது அண்ணா. அபிவிருத்தி உத்தியோகத்தர் என்று பெயர் பெரிதாக இருந்தாலும் முதல் வருஷம் மேசையைத் துடைத்துக்கொண்டுதான் இருந்தேன். இப்போது மண்சரிவு வேலையில் போட்டிருக்கிறார்கள். மடுல்சீமைப் பக்கம் சரிவில் வரிசை வீடுகளாக இருக்கிற தோட்ட லயங்களுக்குப் போய் ஆட்களோடு பேச வேண்டும். பெருமழை வந்தால் அவர்களைக் கீழே பள்ளிக்கூடத்துக்கு இறக்க வேண்டும். பஸ் பாதி வழிதான் போகும். ஆபீஸ் வாகனம் பெரியவர்களுக்கு. அனர்த்தப் பிரிவில் இருக்கிற ஹுமைத் என்பவருடைய பைக்கில்தான் போய் வருகிறேன். பதுளை டவுன்காரர். வாப்பாவுக்குத் துணிக்கடை. இரண்டு பிள்ளைகளின் தகப்பன். அவருக்குப் பாதை தெரியும், எனக்கு லயத்துப் பேச்சு தெரியும். இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழு ஆள்.

எங்கள் நிர்வாக உத்தியோகத்தர் மாடசாமி சேரும் தோட்டத்துப் பிள்ளைதான். “நம்ம லயத்துலேருந்து வந்த மகள், நல்லா வரணும்” என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அன்றைக்கு அப்பாவை நினைத்துக்கொண்டேன்.

அம்மாவை மருந்தை விடாமல் குடிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் அன்புத் தங்கை,
சுபாஜினி

*

நமுனுகுல
2023 ஒக்டோபர் 20

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கு கடவுள் புண்ணியத்தில் எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு இப்போது பரவாயில்லை. உன் சுகத்தைப் படித்ததும் மனசு நிறைந்தது.

கொழுந்துக் கூடை சுமந்தவளின் மகள் அரசாங்க உத்தியோகம் பார்க்கிறாள் என்று இங்கே பலருக்கு வயிறு எரிகிறது. மாடசாமி அவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். நம் ஆட்களில் அந்தப் பதவிக்கு வந்தவர்கள் குறைவு. அவர் சொல்வதைக் கேட்டு நட.

ஒன்று மட்டும். அந்தப் பைக்கில் போவதைத் தவிர வேறு வழி இல்லையா? நான் தப்பாகச் சொல்லவில்லை. பாதை மோசம் என்பதற்காகக் கேட்கிறேன்.

அண்ணியும் விசாரித்தாள். உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்,
புவனேந்திரன்

*

பதுளை
2023 டிசம்பர் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம், தடிமன் மட்டும் விடவில்லை. அங்கே குளிர் எப்படி? அம்மாவுக்குக் காலுறை அனுப்பியிருந்தேனே, போடுகிறாரா?

போன கிழமை மழையில் மேட்டு லயத்து ஆட்கள் எல்லாரையும் இறக்கிவிட்டோம். பகல் சாப்பாட்டுக்குள் எல்லாரும் பள்ளிக்கூடத்தில். ராசம்மா என்று ஒருத்தி மட்டும் வர மாட்டேன் என்று தன் லயத்துக் காம்பராவின் வாசலில் உட்கார்ந்துவிட்டாள். வேலையிலிருந்து நின்றவள், மகள் கொழும்பில், இங்கே தனி ஆள், சொத்து என்றால் மூன்று ஆடு. “மண்ணு வந்தா வரட்டும், என் ஆட்ட யாரு பாக்கிறது” என்கிறாள். கங்காணி கெஞ்சினார், நான் கெஞ்சினேன். கடைசியில் ஹுமைத் ஒரு ஆட்டைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, “நான் இத கொண்டு போறேன். நீங்க பின்னாலேயே வந்து திட்டுங்க” என்று நடக்கத் தொடங்கிவிட்டார். அவள் மற்ற இரண்டையும் இழுத்துக்கொண்டு கீழே வரும் வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தாள். அடுத்த நாள் அந்த லயத்தின் பின்சுவர் வெடித்திருந்தது.

மாவட்டக் கச்சேரியில் நடந்த அதிகாரிகள் கூட்டத்தில் மேலதிகாரி எங்கள் இரண்டு பேரையும் பெயர் சொல்லி எழுந்து நிற்கச் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். மாடசாமி சேரும் தட்டினார். ஆனால் அவர் பெயரை யாரும் சொல்லவில்லை. அறிக்கை கொடுத்தது அவர்தான்.

திங்கட்கிழமை நாங்கள் பீல்டுக்குக் கிளம்பும்போது அவர் வாசலில் நின்று, “என்ன, இன்னைக்கும் டபிள்ஸா?” என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். வரவேற்பில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போதுதான் எதற்குச் சிரித்தேன் என்று யோசித்தேன்.

பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம், நீங்களும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

தங்கை சுபாஜினி

*

நமுனுகுல
2024 ஜனவரி 19

அன்புத் தங்கச்சிக்கு,

நலம். பொங்கலுக்கு நீ வந்து போன பிறகு வீடு வெறுமையாக இருக்கிறது என்று அம்மா சொல்கிறார்.

நீ இருக்கும்போது பேச முடியவில்லை. ஹாலிஎலயில் ஒரு வரன் வந்திருக்கிறது. பையன் மின்சார சபையில் வேலை. நல்ல குடும்பம். அவர்கள் உன் ஆபீசில் விசாரித்திருக்கிறார்கள். விசாரித்த இடத்தில் ஏதோ சொல்லியிருக்கிறார்கள். என்ன என்று நான் எழுத விரும்பவில்லை. நீ புத்திசாலி.

கொஞ்ச நாளைக்கு ஆபீசுக்குள்ளேயே இருக்கிற வேலையாகக் கேட்டு வாங்கு.

அண்ணன்

*

பதுளை
2024 பெப்ரவரி 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. அம்மாவின் சுகத்தை நீங்கள் எழுதவில்லை, நலம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஏதோ சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியும். நானே எழுதிவிடுகிறேன். எனக்கும் ஹுமைத்துக்கும் தொடர்பு என்று சொன்னார்கள். மாடசாமி சேர் வாசலில் சிரித்தது ஆபீசுக்குச் சுற்றறிக்கை மாதிரி ஆகிவிட்டது அண்ணா. அவர் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. நான் போனால் பேச்சு நிற்கிறது. என் மேசைக்குத் தேத்தண்ணி கடைசியாக வருகிறது. முதல் நாளிலிருந்து என்னோடு சாப்பிட்ட றின்ஸா, பார்சலை எடுத்துக்கொண்டு கணக்குப் பிரிவுக்குப் போய்விடுகிறாள். ஏன் என்று கேட்டேன். “நானும் இங்க வேல செய்யணும் தானே சுபா” என்றாள். அவள் கெட்டவள் இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

இரண்டு கிழமைக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை ஹுமைத்தின் மனைவி ரிஸ்கா ஆபீசுக்கு வந்தார். சின்னப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு முன்னால் நின்றார். எல்லாரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

“நான் சண்டை பிடிக்க வரல்ல மிஸ்” என்றார். “அவரப் பத்தி எனக்குத் தெரியும். ஒங்களப் பத்தியும் அவரு சொல்லித் தெரியும். ஆனா எங்கட உம்மா வீட்டுல ஒவ்வொரு நாளும் கேக்குறாங்க. யாரோ கடைக்கே வந்து மாமாகிட்ட சொல்லியிருக்காங்க. நான் என்ன சொல்றது?”

கதிரையை இழுத்து உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை. பிள்ளை என் பேனாவுக்குக் கையை நீட்டியது. கொடுத்தேன். ரிஸ்கா அதை வாங்கித் திரும்ப மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஹுமைத் தனியாகப் பைக்கில் போகிறார். நான் பஸ்ஸில் போய், இறங்கி நடக்கிறேன். நான் மேலே போய்ச் சேரும்போது அவர் திரும்பி வந்துகொண்டிருப்பார். பாதையில் தலையை ஆட்டிவிட்டுப் போவோம். லயத்து ஆட்களுக்கே சிரிப்பு. “ஏன் மிஸ், ரெண்டு பேருக்கும் கோவமா?” என்று கேட்கிறார்கள்.

அண்ணா, எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். “உன்னை நம்புகிறேன்” என்று ஒரு வரி எழுதுங்கள். தபாலட்டையில் எழுதினாலும் போதும்.

சுபா

*

பதுளை
2024 ஏப்ரல் 22

அன்புள்ள அண்ணாவுக்கு,

புதுவருஷத்துக்கு வர முடியவில்லை, லீவு தரவில்லை. எல்லாரும் சுகமா?

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. கிடைத்ததா இல்லையா என்று கூடத் தெரியவில்லை. ஃபோன் எடுத்தால் அண்ணிதான் பேசுகிறார். நீங்கள் பள்ளிக்கூடத்தில், கோயில் கூட்டத்தில், கடையில் என்கிறார்.

போன செவ்வாய்க்கிழமை நான் மடுல்சீமையில் இருந்தேன். அன்று உங்களை எங்கள் ஆபீஸ் படியில் பார்த்ததாக றின்ஸா சொன்னாள். இவ்வளவு நாளைக்குப் பிறகு அவளாக வந்து பேசியது அதைச் சொல்லத்தான். என் அண்ணன் பதுளைக்கு வந்தால் எனக்குச் சொல்லாமல் போக மாட்டார், வேறு யாராவது இருக்கும் என்று சொல்லிவிட்டேன்.

வேறு யாரோதானே அண்ணா?

அம்மாவின் கிளினிக் நாளை மறந்துவிடாதீர்கள்.

தங்கை

*

நமுனுகுல
2024 மே 9

அன்புத் தங்கச்சிக்கு,

தாமதத்துக்குக் குறை நினைக்காதே. அதிபர் லீவில், பள்ளிக்கூடம் முழுக்க என் தலையில். அம்மாவுக்குப் பிரஷர் கொஞ்சம் கூடியிருக்கிறது. இந்த விஷயங்கள் ஒன்றும் அவருக்குத் தெரியாது, தெரியவும் கூடாது.

ஹாலிஎலக்காரர்கள் இன்னும் முடிவு சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

உனக்கு இடமாற்றம் வந்தால் மனசைத் தளரவிடாதே. எல்லாம் நல்லதுக்கே என்று எடுத்துக்கொள். வேலையும் வேண்டும், பேரும் வேண்டும். பெண் பிள்ளைக்குப் பேர் போனால் வேலை இருந்து என்ன?

அண்ணி விசாரித்ததாகச் சொன்னாள்.

புவனேந்திரன்

*

வெல்லவாய
2024 ஜூலை 1

அன்புள்ள அண்ணாவுக்கு,

இந்தக் கடிதம் காணும்போது எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே வெயில். நமுனுகுலவில் பிறந்த உடம்புக்கு ஒத்துவரவில்லை. பழகிவிடும்.

நீங்கள் எழுதியபடியே இடமாற்றம் வந்துவிட்டது. அந்தப் பேச்சை நான் உங்களிடம் எடுக்கவே இல்லை. எனக்கே அப்போது தெரியாது. உங்கள் கடிதம் மே மாதம் வந்தது, என் கையில் கட்டளை ஜூன் மாதம் கிடைத்தது. அதனால் மாடசாமி சேரிடம் நேராகப் போய்க் கேட்டேன்.

“உட்காருங்க மகள்” என்றார். நான் நின்றுகொண்டே, “நான் என்ன தப்பு செஞ்சேன் சேர்?” என்றேன்.

“தப்புன்னு யாரு சொன்னா? ஒங்க அண்ணன்தான் வந்து கேட்டாரு. தங்கச்சி அந்த ஆளோட வேலை செய்ய வேணாம், இங்கேருந்து எடுத்துடுங்கன்னாரு. பாவம், கண்ணு கலங்கிட்டாரு. நானும் மூணு பொம்பளப் புள்ளயப் பெத்தவன். மேல பேசி ஒழுங்கு பண்ணேன்.”

“எடுக்கிறதுன்னா வீட்டுக்குக் கிட்ட போட்டிருக்கலாமே.”

“எடுக்கச் சொன்னாரு. எங்க போடணும்னு சொல்லலையே” என்றார். பிறகு, என்னைத் திட்டாமல் அனுப்புவதே பெரிய உபகாரம் என்பது போல் ஃபைலைத் திறந்துவிட்டார். ஹுமைத்தை மஹியங்கனைக்குப் போட்டிருக்கிறார்கள். எங்கள் இரண்டு பேரையும் பிரித்து இரண்டு மூலையில் எறிந்த பிறகு ஆபீசில் எல்லாரும் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? “உண்மை இல்லாட்டி ஏன் மாத்துறாங்க?” அதுவரைக்கும் அது வெறும் வதந்தி அண்ணா. நீங்கள் போய்க் கேட்டதில்தான் அதற்கு அரசாங்க முத்திரை விழுந்தது.

கடைசி நாள் எனக்குப் பிரியாவிடை வைக்கவில்லை. றின்ஸா மட்டும் கீழே வந்து ஆட்டோ பிடித்துக் கொடுத்தாள். ஆட்டோ கிளம்பும் வரைக்கும் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நீங்கள் ஏன் போனீர்கள் என்று எனக்குப் புரிகிறது. போவதற்கு முன்னால் ஏன் என்னிடம் கேட்கவில்லை? அது மட்டும் புரியவில்லை. அதற்குப் பதில் எழுதுங்கள்.

சுபாஜினி

*

மஹியங்கனை
2024 டிசம்பர் 14

சுபாஜினி மிஸ் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும் என்று தொடங்குவது எங்கள் பழக்கம். உங்கள் மேல் சாந்தி உண்டாகட்டும். வீட்டில் அம்மாவும் சுகமாக இருப்பார் என்று நம்புகிறேன். நாங்கள் அல்ஹம்துலில்லாஹ் நலம். நான் இங்கே, ரிஸ்காவும் பிள்ளைகளும் பதுளையில். சனிக்கிழமை போய் ஞாயிறு திரும்புகிறேன். இந்தக் கடிதத்தை ரிஸ்காவிடம் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் தபாலில் போடுகிறேன். அதற்காக மன்னிக்க வேண்டும். இனி அப்படித்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

உங்களுக்கு யாராவது சொன்னார்களா தெரியாது. மேட்டு லயம் போய்விட்டது. போன கிழமை காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் ஆட்கள் நிற்கும்போதே மண் இறங்கியிருக்கிறது. முதல் நாள் பகலிலேயே எச்சரிக்கை வந்துவிட்டது. நம் இடத்துக்கு வந்திருக்கிற புதிய ஆளைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு அந்த ஆட்களைத் தெரியாது, தமிழும் சரியாக வராது. பெரிய பாதையில் நின்று கங்காணிக்குப் போன் போட்டு இறங்கச் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். கங்காணி சொன்னதும் நிறையப் பேர் இறங்கிவிட்டார்கள்.

ராசம்மா இறங்கவில்லை. “மிஸ் வரட்டும், அந்த நானா வரட்டும், அப்ப வாறேன்” என்று சொன்னாராம். நானா என்றது என்னைத்தான். இரண்டு ஆடு தப்பிவிட்டது.

எனக்குச் சோறு இறங்கவில்லை. யாரிடம் சொல்வது என்றும் தெரியவில்லை. அந்த லயத்தைத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். இதற்கு நீங்கள் பதில் எழுத வேண்டாம். உங்களுக்கும் நல்லதில்லை, எங்களுக்கும் நல்லதில்லை. உங்களோடு வேலை செய்த காலத்தில் காலையில் ஆபீசுக்கு வர ஆசையாக இருந்தது. அதைச் சொல்வதில் பாவம் இல்லை என்று நினைக்கிறேன்.

துஆச் செய்கிறேன்.

ஹுமைத்

*

நமுனுகுல
2025 ஜனவரி 2

அன்புத் தங்கச்சிக்கு,

ஆண்டவன் புண்ணியத்தில் இங்கு எல்லாரும் நலம். உன் கடிதத்துக்கு ஆறு மாதமாகப் பதில் எழுதவில்லை என்று கோபித்துக்கொண்டிருப்பாய். எழுத உட்கார்ந்தால் ஏதாவது வேலை வந்துவிடுகிறது. அம்மா உன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

ஹாலிஎல வரன் சரிவரவில்லை. திடீரென்று தூரத்துக்கு ஏன் மாற்றினார்கள் என்று கேட்டார்கள். நான் என்ன சொல்ல முடியும்? விட்டுத் தள்ளு. பண்டாரவளையில் ஒரு இடம் இருக்கிறது. மனைவி தவறிப்போனவர், வயது கொஞ்சம் கூட. ஆனால் ஒன்றும் விசாரிக்க மாட்டார்கள்.

எனக்கு அதிபர் தரம் கிடைத்திருக்கிறது. பாடசாலையில் சின்னதாக ஒரு வைபவம் வைத்தார்கள். மாடசாமி அவர்களும் வந்து மாலை போட்டார். உன்னை விசாரித்தார்.

மடுல்சீமைப் பக்கம் மண்சரிவு என்று ரேடியோவில் கேட்டேன். நீ அங்கே இல்லாதது நல்லதாகப் போயிற்று.

பொங்கலுக்குக் கட்டாயம் வா. நடந்ததை மறந்துவிடு. உன் நல்லதைத் தவிர வேறு ஒன்றும் நான் நினைத்ததில்லை.

அண்ணன்,
புவனேந்திரன்

*

வெல்லவாய
2025 ஜனவரி 11

அண்ணாவுக்கு,

நலம். அதிபர் ஆனதற்கு வாழ்த்துகள். அப்பா இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

பொங்கலுக்கு வரவில்லை. லீவு முடிந்துவிட்டது. போன மாதம் ராசம்மாவின் கருமாதிக்கு மடுல்சீமை போனேன். ராசம்மா யார் என்று உங்களுக்கு எழுதியிருக்கிறேன், ஆட்டோடு மழையில் இறங்கி வந்தவள். ரேடியோவில் நீங்கள் கேட்ட மண்சரிவில் செத்தது அவள்தான்.

லயம் இருந்த இடத்தில் சிவப்பு மண் மட்டும் இருக்கிறது. ஆட்கள் கொழுந்து நிறுக்கிற பழைய மடுவத்தில் தகரம் மறைத்து இருக்கிறார்கள். கொழும்பில் வீட்டு வேலை செய்கிற அவள் மகள் பாக்கியலெட்சுமி வந்திருந்தாள். நான் போனதும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. “நீங்க வருவீங்கன்னு அம்மா உட்காந்திருந்திச்சாம் மிஸ். ஏன் வரல?” என்று கேட்டாள்.

“என்னைய வேற இடத்துக்கு மாத்திட்டாங்க” என்றேன்.

“யாரு மாத்துனது?”

சுற்றிலும் ஆட்கள் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“பேரச் சொல்லுங்க மிஸ். நான் ஒண்ணும் செய்ய மாட்டேன். முனியாண்டி கோயில்ல பேரச் சொல்லி ஒரு தேங்கா ஒடைக்கிறேன், அவ்வளவுதான். அது பாத்துக்கிடும்.”

அண்ணா, மாடசாமி என்ற பெயர் என் வாய் வரைக்கும் வந்தது. அவர் சிரித்ததுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். சொல்லியிருந்தால் பொய்யாகாது. ஆனால் அவர் பெயரைச் சொன்னால் அடுத்த பெயரையும் சொல்ல வேண்டும். ஆபீஸ்காரர்கள் பேசினார்கள், அது அவர்கள் குணம். என்னைத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். படி ஏறிப் போய்க் கேட்டதும் நீங்கள்தான்.

“தெரியாதும்மா. கொழும்புலேருந்து வந்த உத்தரவு” என்று சொன்னேன்.

அவள் நம்பிவிட்டாள். என்னைக் கட்டாயப்படுத்திச் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினாள்.

உங்களுக்காக நான் சொன்ன கடைசிப் பொய் அது. பண்டாரவளைக்காரருக்குப் பெண் இல்லை என்று சொல்லிவிடுங்கள். நான் கேட்ட கேள்விக்கும் இனிப் பதில் வேண்டாம்.

அம்மாவுக்கு இந்த மாதக் கிளினிக் இருபத்திரண்டாம் திகதி. நீங்களும் அண்ணியும் நல்லா இருங்கள். அதை மனசார எழுத முடியுமா என்று கொஞ்ச நேரம் பேனாவை வைத்துவிட்டு யோசித்தேன். எழுதிவிட்டேன்.

சுபாஜினி